ஒரே பேரு, வேற ராமநாதபுரம்

ராமநாதபுரத்தோட குற்றக் கணக்கை 1957 முதுகுளத்தூர் கலவரத்துல ஆரம்பிச்சு ஒரே கிராஃபா போடலாம்னு உட்கார்ந்தேன். 1985-லயே மாட்டிக்கிட்டேன். அந்த வருஷம்தான் விருதுநகரும் சிவகங்கையும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. அதுவரைக்கும் சிவகாசில நடந்த திருட்டும் ராமநாதபுரம் கணக்குதான். டேபிள் பேரை அப்படியே வச்சுட்டு உள்ள இருக்கிறதை மாத்தின மாதிரி!

இன்னொண்ணு. ஒரே எஃப்.ஐ.ஆர்.ல கொலை, கலவரம், தீவைப்பு எல்லாம் இருந்தாலும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதுல பெரிய குற்றத்தை மட்டும்தான் எண்ணும். கொலைன்னு ஒரு வழக்கு, அவ்வளவுதான். எரிஞ்ச வீடுங்க அட்டவணைல தெரியாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989-ல். அதுக்கு முந்தி அந்தக் கட்டமே கிடையாது. அப்புறம் பரமக்குடி பக்கம் அந்த எண் கூடுச்சுன்னா, அடி கூடுச்சா, இல்ல ஸ்டேஷன் படியேறுற துணிச்சல் கூடுச்சா? கோட்டை மட்டும் பார்த்து என்னால சொல்ல முடியல.