ஒட்டினவர்களும் ஒட்டாதவர்களும்

1932இல் ஜேர்மனியில் சனெல்லா என்ற மார்ஜரினை வாங்கினால், கூடவே சின்னப் படமொன்றும் கிடைக்கும். விளையாட்டுப் படங்கள். அவற்றை ஒட்டுவதற்கென்று 'ஹான்ட்புக் டெஸ் ஸ்போர்ட்ஸ்' என்ற அல்பமும் இருந்தது. ஒரு தாய் பாணுக்குப் பூச மார்ஜரின் வாங்குவார், பிள்ளை படத்தை எடுத்துப் பசை தடவி ஒட்டும். அந்தப் படங்களில் ஒன்று பேப் ரூத். நியூயோர்க் யாங்கீஸ் அணியின் பேஸ்போல் ஆட்டக்காரர், அந்தக் காலத்து அமெரிக்காவில் ஜனாதிபதிக்குச் சமனான புகழ். பேஸ்போல் என்றால் என்னவென்றே தெரியாத ஜேர்மன் பிள்ளை ஒன்று அவரைத் தன் அல்பத்தில் ஒட்டி வைத்தது.

இன்றைக்கு அந்தப் படத்தை அமெரிக்கர்கள் தேடி வாங்குகிறார்கள். பேப் ரூத்தின் அமெரிக்க கார்ட் ஒன்றை வாங்கக் கனக்கக் காசு வேண்டும். ஜேர்மன் மார்ஜரின் கார்ட் அதைவிட மலிவு. ஆனால் பின்பக்கத்தில் பசை இருந்தால் விலை விழுந்துவிடும். எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. அந்தப் பிள்ளை அதை ஒட்டாமல் விட்டிருந்தால், ஒரு போர், குண்டுவீச்சு, இடப்பெயர்வு எல்லாம் தாண்டி அந்தச் சின்னக் கடதாசித் துண்டு மிஞ்சியிருக்குமா? அல்பம் என்றால் புத்தகம். புத்தகத்தை ஆரும் லேசில் எறிய மாட்டார்கள்.

ஐரோப்பாவில் இருந்துகொண்டு அமெரிக்க விளையாட்டு கார்ட் சேர்ப்பது பற்றி எழுத வெளிக்கிட்டால், முதலில் இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பிள்ளை அல்பத்தை நிரப்பியது. அமெரிக்கப் பிள்ளை கார்ட்டைப் பெட்டிக்குள் அடுக்கியது, சுவரில் எறிந்து விளையாடியது, சைக்கிள் சில்லுக் கம்பியில் செருகிச் சத்தம் வரப் பண்ணியது. ஒருவருக்கு முழுமை முக்கியம், மற்றவருக்குத் தனி ஆள் முக்கியம்.

அல்பங்களுக்கு இருண்ட பக்கமும் உண்டு. பேர்லின் ஒலிம்பிக்ஸ் நடந்த 1936இல், ஹம்பேர்க்குக்குப் பக்கத்து அல்டோனாவில் இருந்த ஒரு சிகரெட் பட நிறுவனம் இரண்டு பாக அல்பம் வெளியிட்டது. சிகரெட் பெட்டிக்குள் வரும் கூப்பன்களைச் சேர்த்து அனுப்பினால் படங்கள் வரும். இரண்டாம் பாகத்தில் ஜெசி ஓவன்ஸ் இருக்கிறார், நான்கு தங்கம் வென்ற அமெரிக்கக் கறுப்பின ஓட்டக்காரர். அதே நிறுவனம் அதே ஆண்டில் ஹிட்லரின் வாழ்க்கையைப் பற்றியும் ஒரு பட அல்பம் போட்டது. இரண்டுமே வீடு வீடாகப் போயின. இன்றைக்கு ஓவன்ஸின் படத்தைத் தேடிப் போகிற ஒருவருடைய கையில் மற்ற அல்பமும் அகப்படத்தான் செய்யும். ஒரே அச்சு, ஒரே பசை, ஒரே சாப்பாட்டு மேசை. விளையாட்டு கார்ட் அரசியலுக்கு வெளியே நிற்கும் சாமான் என்று ஆரும் சொன்னால், இந்த இரண்டு அல்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

அமெரிக்காவிலும் தொடக்கம் புகையிலைதான். 1909க்கும் 1911க்கும் இடையில் அமெரிக்கன் டொபாக்கோ கம்பனி சிகரெட்டோடு கொடுத்த வரிசையில்தான் ஹோனஸ் வாக்னரின் கார்ட் வந்தது. வாக்னர் தன் படத்தை நிறுத்தச் சொன்னார். பிள்ளைகள் புகையிலை வாங்கக்கூடாது என்பதற்காக என்று ஒரு கதை, தனக்குக் காசு தரவில்லை என்பதற்காக என்று இன்னொரு கதை. அச்சு நின்றதால் கார்ட் அரிதானது. 2022இல் ஒன்று 7.25 மில்லியன் டொலருக்குக் கைமாறியது.

பிறகு சூயிங்கம் வந்தது. நியூயோர்க் புரூக்லினில் இருந்த டொப்ஸ் கம்பனி 1952இல் போட்ட பேஸ்போல் வரிசையை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் சை பேர்ஜர். அந்த வரிசையின் கடைசிப் பகுதி பிந்தி வந்ததால் விற்கவில்லை. பெட்டி பெட்டியாகக் களஞ்சியத்தில் கிடந்தது. 1960 அளவில் அவற்றை ஒரு பாதையில் ஏற்றி, இழுவைப் படகால் அத்திலாந்திக் கடலுக்குள் கொண்டுபோய்க் கொட்டியதாக பேர்ஜரே பின்னாளில் சொன்னார். கொட்டிய பகுதியில்தான் மிக்கி மான்டிலின் கார்ட்டும் இருந்தது. அதில் தப்பிய நல்ல பிரதி ஒன்று 2022 ஓகஸ்டில் 12.6 மில்லியன் டொலருக்குப் போனது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் இருக்கிற கடல் இந்தக் கதையில் சும்மா தூரம் மட்டும் இல்லை, பாருங்கோ.

டொப்ஸ் கடலில் கொட்டிய அதே காலத்தில், இத்தாலியின் மொடெனா நகரில் பேப்பர்க் கடை வைத்திருந்த பனினி சகோதரர்கள் வேறு ஒருவர் விற்க முடியாமல் வைத்திருந்த பழைய படங்களை மொத்தமாக வாங்கினார்கள். சின்னப் பொதிகளில் போட்டு விற்றார்கள். 3 மில்லியன் பொதி போனது. அடுத்த ஆண்டே இத்தாலியக் காற்பந்து வீரர்களின் சொந்தத் தொகுப்பு, 1970இல் மெக்சிக்கோ உலகக் கிண்ண அல்பம். இத்தாலியப் பெடியள் படங்களை மாற்றும்போது இரண்டு சொல்தான்: 'செ லோ', 'மன்கா'. என்னட்ட இருக்கு, என்னட்ட இல்லை. உலகத்தில் எந்தச் சந்தைக்கும் இதைவிடச் சுருக்கமான பாஷை தேவையில்லை.

அமெரிக்க கார்ட்டின் பழக்கம் ஐரோப்பாவுக்குள் பெரிதாக நுழைந்தது கூடைப்பந்தோடுதான். 1988இல் ஸ்பெயினின் விட்டோரியா நகரில் சீட்டுக்கட்டு அடிக்கும் பழைய கம்பனியான ஃபூர்னியே, என்பிஏ வீரர்களின் கட்டொன்றை வெளியிட்டது. மைக்கேல் ஜோர்டன் உள்ளே. பனினியும் ஸ்பெயினில் ஜோர்டன் ஸ்டிக்கர் போட்டது. 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்ஸில் ஜோர்டனும் மாஜிக் ஜோன்சனும் லரி பேர்டும் ஒன்றாக ஆடினார்கள். அந்தக் காலத்தில் அப்பர் டெக் கம்பனி இத்தாலிய, ஸ்பானிய மொழிகளிலேயே என்பிஏ கார்ட் அடித்து விற்றது. அல்பம் இல்லை, பசை இல்லை. பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு விரல்படாமல் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகள் புதிதாகப் பழகினார்கள்.

பழகினாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. மாற்றுவதற்கு ஆள் வேண்டும். மிலானிலோ முனிச்சிலோ வகுப்பில் முப்பது பேர் காற்பந்து ஸ்டிக்கர் மாற்றுவார்கள், பேஸ்போல் கார்ட் வைத்திருப்பவன் ஒருத்தன். அவன் தபாலைத்தான் நம்ப வேண்டும். 1984இலிருந்து அமெரிக்காவில் வந்த பெக்கட் விலைச் சஞ்சிகை ஒவ்வொரு கார்ட்டுக்கும் டொலரில் விலை சொன்னது. ஆனால் அது அமெரிக்கக் கடை மேசையின் விலை. கடல் தாண்டினால் முத்திரைக் காசு, காத்திருப்பு, மடிந்து வரும் ஆபத்து எல்லாம் சேரும். ஆகவே கடிதத்தில் 'இருக்கு' பட்டியலும் 'வேணும்' பட்டியலும் போகும், பதில் வரும், பிறகு ஆர் முதலில் அனுப்புவது என்ற கேள்வி வரும். புதிதாக வந்தவர் முதலில் அனுப்ப வேண்டும் என்பது சேகரிப்பாளர் வழக்கம். முகம் தெரியாத ஆளை நம்பி உறையை ஒட்டி அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேணும்.

இணையம் ஆளைக் கண்டுபிடித்துத் தந்தது, ஆனால் சுங்கம் குறுக்கே நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை பெறுமதியான பொதிகளுக்கு இறக்குமதி வற் வரி இல்லாமல் இருந்தது. 2021 யூலை 1இலிருந்து அந்தச் சலுகை நின்றது. ஜேர்மனியில் 19 வீதம், சுவீடனில் 25 வீதம். தபால் நிறுவனம் எடுக்கும் கட்டணம் தனி. விலை கூடிய கார்ட்டைப் பற்றி இது பெரிய கதை இல்லை. 5 டொலர் கார்ட்டைத்தான் இது கொல்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளை வாங்குவது 5 டொலர் கார்ட். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியபின், லண்டனுக்கும் பாரிஸுக்கும் இடையில் மாற்றுவதற்கும் சுங்கப் படிவம் வந்துவிட்டது.

இதற்குள் கம்பனிகள் இடம் மாறிக்கொண்டன. 2009இல் பனினி அமெரிக்காவின் டொன்ரஸை வாங்கி, என்பிஏ கார்ட் அடிக்கும் தனி உரிமையைப் பெற்றது. ஐரோப்பாவில் இருந்துகொண்டு 'அமெரிக்க' கார்ட் வாங்கினவர் உண்மையில் மொடெனாக் கம்பனியின் சரக்கை டெக்சாஸ் வழியாகத் திருப்பி இறக்கினார், அதற்கு வரியும் கட்டினார். எதிர்ப்பக்கம், 1980 தொடக்கம் பனினியிடம் இருந்த ஐரோப்பியக் கிண்ண ஸ்டிக்கர் 2024இல் டொப்ஸிடம் போனது. அதற்குள் டொப்ஸையே ஃபனடிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியிருந்தது. என்பிஏ உரிமையும் 2025இல் அங்கேயே போய்ச் சேர்ந்தது. இரண்டு கண்டத்துப் பிள்ளைகளின் படங்களும் மெல்ல மெல்ல ஒரே கைக்குள் போகின்றன. சேகரிப்பாளர்கள் இதைவிட விலைப் பட்டியலைப் பற்றித்தான் கூடக் கதைக்கிறார்கள்.

ஐரோப்பாவில் இருப்பவருக்கு ஒரு வாய்ப்பு மட்டும் மிச்சம்: அமெரிக்கரால் தன் ஊரில் தேட முடியாததைத் தேடலாம். முகமது அலி, கசியஸ் கிளே என்ற பேரோடு இருந்தபோது வந்த முதல் கார்ட்டாகப் பலரும் கருதுவது 1960இல் சுவீடனின் ஹெம்மெட்ஸ் ஜேர்னல் சஞ்சிகையில் வந்தது. பக்கத்திலிருந்து கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டும். விளிம்பு கோணினால் விலை போச்சு.

ஒட்டுவது பிழை என்று இந்தத் தரம்பிரிக்கும் உலகம் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் அமெரிக்க கார்ட்டுகளுக்கு முதல் முறையான பட்டியல் போட்டவர் ஜெபர்சன் பேர்டிக், மூட்டுவாதத்தால் கை கோணிப்போன மனிதர். வாக்னர் கார்ட் இருக்கும் வரிசைக்கு 'டி206' என்ற பேர் அவருடைய பட்டியலில் இருந்துதான் வந்தது. அவர் 30,000க்கு மேற்பட்ட கார்ட்டுகளை நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அங்கேயே போயிருந்து, ஆண்டுக்கணக்காக அவற்றைப் பசை தடவி அல்பங்களில் ஒட்டினார், வாக்னரையும் சேர்த்து. 1963 ஜனவரியில் ஒட்டி முடித்தார். மார்ச்சில் இறந்துபோனார்.