சிரிப்பின் செலவை ஏற்பவர் யார்? எடின்பரோ விளிம்பு விழாவும் பிளெசன்ஸ் அறக்கட்டளையும்

நாடக வரலாற்றை எழுதுவோர் பிரதியையும் நடிகரையும் அரங்கேற்றப்பட்ட காலத்தையும் விரிவாக ஆராய்வர். ஆனால் மண்டபத்தின் வாடகையைக் கொடுத்தவர் யார், காட்சி தோல்வியுற்றபோது நட்டத்தைச் சுமந்தவர் யார் என்னும் வினாக்களைப் பெரும்பாலும் அடிக்குறிப்புக்குத் தள்ளிவிடுவர். அவ்வினாக்களை மையத்தில் வைத்து நோக்குவதற்கு மிகப் பொருத்தமான ஒரு களம் ஸ்கொற்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஆண்டுதோறும் ஓகஸ்ற் மாதத்தில் நடைபெறும் 'ஃபிரிஞ்ச்' எனப்படும் விளிம்பு விழாவாகும். இவ்விழாவில் புதிய நகைச்சுவையாளரையும் நாடகக் குழுக்களையும் வளர்த்தெடுக்கும் அறநிறுவனங்களுள் ஒன்றாகிய பிளெசன்ஸ் அரங்க அறக்கட்டளையை, அது தோன்றிய சமூகச் சூழலுடன் இணைத்து இக்கட்டுரையில் நோக்க விழைகின்றோம்.

விளிம்பு விழாவின் பிறப்புப் பற்றிய கதை பலரும் அறிந்ததே. இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், 1947 இல், ரூடோல்ஃப் பிங் என்பாரின் நெறிப்படுத்தலில் எடின்பரோ சர்வதேச விழா தொடங்கப்பட்டது. அதற்கு அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து, கிடைத்த இடங்களில் நாடகமாடின. அடுத்த ஆண்டில் றொபேட் கெம்ப் என்னும் நாடகாசிரியர் பத்திரிகைக் கட்டுரையொன்றில் இம்முயற்சிகளை விழாவின் 'விளிம்பு' எனக் குறித்தார். பெயர் நிலைத்துவிட்டது. இக்கதை எட்டுக் குழுக்களின் துணிவைப் போற்றுவதோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. நாம் அதற்கப்பாலும் செல்லுதல் வேண்டும்.

அவ்வெட்டுக் குழுக்களுள் ஒன்று கிளாஸ்கோ யூனிற்றி தியேட்டர். தொழிலாளர் இயக்கத்தின் மடியிற் பிறந்த இக்குழு மாக்சிம் கோர்க்கியின் நாடகமொன்றையும், ஸ்கொற்லாந்து நாடகாசிரியரான றொபேட் மக்லெலனின் நாடகமொன்றையும் கொண்டுவந்தது. விழா அணுகிக்கொண்டிருந்த வேளையில், கலைகளைப் பேணுவதற்கென அரசு அமைத்த கலைகள் பேரவை இக்குழுவுக்கான ஆதரவுப் பணத்தை விலக்கிக்கொண்டது. ஆயினும் அவர்கள் வந்தனர், நாடகமும் ஆடினர். எனவே விளிம்பு என்பது கலைஞர் சிலர் விளையாட்டாகக் கண்டுபிடித்த ஓர் இடமன்று. யாருடைய கலைக்குப் பொதுப்பணம் செல்லும், யாருடையதற்குச் செல்லாது என்ற தீர்ப்பின் மறுபுறத்திலும் அது தோன்றியது.

இந்த முரண்பாடு 1951 இல் மேலும் தெளிவாக வெளிப்பட்டது. கவிஞரும் நாட்டார் பாடல் சேகரிப்பாளருமான ஹமிஷ் ஹென்டர்சன் முதலியோர், தொழிற்சங்கங்கள், தொழிற்கட்சி, கம்யூனிஸ்ற் கட்சி ஆகியவற்றைச் சார்ந்தோரின் துணையுடன் 'மக்கள் விழா' ஒன்றை நடத்தினர். ஜோன் லிற்றில்வுட், யூவன் மக்கோல் ஆகியோரின் தியேட்டர் வேர்க்ஷொப் குழு அதிற் பங்குகொண்டது. கேலிக் மொழிப் பாடகரும் ஊர்ப்புறப் பாடகரும் ஒரே மேடையில் பாடினர். அமெரிக்க நாட்டாரியலாளர் அலன் லோமாக்ஸ் அதனை ஒலிப்பதிவு செய்தார். பனிப்போர்க் காலத்தின் ஐயம் இதனையும் விட்டுவைக்கவில்லை. கம்யூனிஸ்ற் செல்வாக்குள்ளதெனக் குற்றஞ்சாட்டப்பட்டுத் தொழிலாளர் அமைப்புகளின் ஆதரவை அது இழந்தது. 1954 உடன் நின்றும் போயிற்று. நுழைவுச்சீட்டின் விலையை உழைக்கும் மக்களின் கைக்கெட்டும் நிலையில் வைத்திருக்க முயன்ற விழா மறைந்தது. நாடகக் குழுக்கள் தம் செலவைத் தாமே ஏற்கும் விளிம்பு நிலைத்தது.

1958 இல் விளிம்பு விழாச் சங்கம் நிறுவப்பட்டது. நிகழ்ச்சி நிரலை அச்சிடுவதும் நுழைவுச்சீட்டுகளை ஓரிடத்தில் விற்பதும் அதன் பணிகள். எந்தக் காட்சியையும் தேர்ந்தெடுப்பதோ விலக்குவதோ அதன் பணியன்று. இக்கொள்கை சனநாயகத் தன்மை வாய்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. நடுவர் எவரும் இல்லை, யாரும் வரலாம். எனினும் நடுவர் இல்லாத இடத்தில் வேறொன்று நடுவராக அமர்ந்துகொள்ளும். எடின்பரோவில் அவ்விடத்திற் பணம் அமர்ந்தது. ஒரு மாதகாலம் வேலையின்றி இருக்கக்கூடியவர், தங்குமிட வாடகையைக் கொடுக்கக்கூடியவர், நட்டமடைந்தாலும் வீடு திரும்பி அதை மறக்கக்கூடியவர் ஆகியோருக்கே திறந்த கதவு உண்மையாகத் திறந்திருந்தது.

ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றங்கள் பிரித்தானிய நகைச்சுவையில் நெடுங்காலம் பெற்றிருந்த மேலாதிக்கத்தை இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ளல் வேண்டும். 1960 இல் மேடையேறிய 'பியொண்ட் த ஃபிரிஞ்ச்' பெரும் வரவேற்புப் பெற்றது. அதன் நால்வருள் அலன் பெனற், டட்லி மூர் ஆகியோர் ஒக்ஸ்போட்டையும், பீற்றர் குக், ஜொனதன் மில்லர் ஆகியோர் கேம்பிரிட்ஜையும் சேர்ந்தோர். 'விளிம்புக்கு அப்பால்' எனப் பெயர்பெற்ற இக்காட்சியை அளித்தது விளிம்பு விழாவன்று, சர்வதேச விழாவே என்பது சுவையான ஒரு செய்தி. பதவியிலிருந்த பிரதமர் மக்மிலனையே குக் மேடையிற் கேலி செய்தார். நாடகப் பிரதிகளை அரண்மனை அதிகாரியொருவர் முன்கூட்டியே தணிக்கை செய்யும் முறை 1968 இலேயே நீக்கப்பட்டது என்பதை நினைவிற் கொண்டால், இந்த அங்கதத்தின் துணிவு புலனாகும். அத்துணிவின் எல்லையும் அங்கேயே புலனாகின்றது. ஆளும் வர்க்கத்தைக் கேலி செய்தவர்கள் அவ்வர்க்கம் பயின்ற அதே கல்லூரிகளிற் பயின்றவர்கள்.

இவ்வட்டத்தை உடைத்த முயற்சி இலண்டனிலிருந்து வந்தது. 1979 மே மாதத்தில், தற்செயலாக மாகிறற் தட்சர் ஆட்சிக்கு வந்த அதே மாதத்தில், சோஹோவில் 'கொமெடி ஸ்ரோர்' திறக்கப்பட்டது. அங்கு உருவான 'மாற்று நகைச்சுவை' இனவாதத்தையும் பெண்ணிழிவையும் மூலப்பொருளாகக் கொண்ட பழைய மதுச்சாலைப் பகிடிகளை நிராகரித்தது. அலெக்ஸி செயில், ரொனி அலன் ஆகியோர் 1980 இல் அதனை எடின்பரோவுக்குக் கொண்டுசென்றனர். தனியொருவர் ஓர் ஒலிவாங்கியுடன் நின்று ஒரு மணிநேரம் பேசும் வடிவம் இவ்வாறு விழாவினுள் வேரூன்றியது. காட்சியமைப்பு வேண்டியதில்லை, உடையலங்காரம் வேண்டியதில்லை. வறியவர்க்குகந்த வடிவம் என்றே அது முதலில் தோன்றியிருக்கும். ஆயினும் 1981 இல் பெரியே நிறுவனத்தின் முதலாவது நகைச்சுவைப் பரிசு கேம்பிரிட்ஜ் மன்றத்துக்கே கிடைத்தது. ஸ்ரீபன் ஃபிறை, ஹியூ லோறி, எமா தொம்சன் ஆகியோர் அக்குழுவில் இருந்தனர். பழைய வாயில் மூடப்படவில்லை. பக்கத்தில் ஒரு சிறு வாயில் திறக்கப்பட்டது, அவ்வளவே.

பிளெசன்ஸ் இக்கட்டத்திலேயே வருகின்றது. அது பழைய நகரின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு வீதியின் பெயர். அவ்வீதியிலிருந்த சிற்றரங்கு 1947 இலேயே விளிம்புக் குழுக்களுக்கு இடமளித்ததாகும். 1985 இல், பள்ளி ஆசிரியராகவும் அரங்க வடிவமைப்பாளராகவும் விளங்கிய கிறிஸ்ரோபர் றிச்சட்சன், பல்கலைக்கழக மாணவர் சங்கங்களின் பயன்பாட்டிலிருந்த கட்டடங்களில், வாகனத் தரிப்பிடமாகக் கிடந்த ஒரு முற்றத்தை நோக்கியவாறு இரண்டு அரங்குகளைத் திறந்தார். நகரின் நாகரிகப் பகுதிக்கு வெளியே அமைந்த இம்முற்றம் சில ஆண்டுகளுக்குள் விழாவின் சந்திப்பிடங்களுள் முதன்மையானதாயிற்று. 1995 இல் இலண்டனின் இஸ்லிங்ரன் பகுதியில் நிரந்தர அரங்கொன்று திறக்கப்பட்டது. அறக்கட்டளை என்னும் சட்ட வடிவமும் அக்காலத்தில் அமைந்தது. 2005 இல் அன்ரனி ஓல்டர்சன் பொறுப்பேற்றார். இரண்டு அரங்குகளுடன் தொடங்கிய நிறுவனம் இருபதுக்கு மேற்பட்ட அரங்குகளையும், ஒரு மாதத்தில் இருநூறுக்கு மேற்பட்ட காட்சிகளையும் கொண்டதாக வளர்ந்தது.

அறக்கட்டளை என்றதும் செல்வந்தர் அள்ளிக் கொடுத்த நிதியின் வட்டியில் இயங்கும் அமைப்பு நம் மனக்கண்முன் தோன்றலாம். இது அத்தகையதன்று. அரசின் தொடர்ச்சியான மானியத்தில் தங்கியிராது, நுழைவுச்சீட்டு வருமானத்தின் பங்கும் முற்றத்திலுள்ள மதுச்சாலைகளின் வருமானமுமே இதன் பெரும் ஆதாரங்கள். அதாவது புதியவரை வளர்ப்பதற்கான பணம், விழாச் சந்தையிலிருந்தே பெறப்பட வேண்டியுள்ளது. தாராளமும் இடர்ப்பாடும் இங்கு ஒரே கணக்கேட்டில் உள்ளன.

அக்கணக்கைச் சற்று விரித்துப் பார்த்தல் தகும். ஐம்பது இருக்கைகள் கொண்ட ஓர் அறையில் ஒருவர் இருபத்தைந்து இரவுகள் பேசுகின்றார் எனக் கொள்வோம். அரைவாசி இருக்கைகள் நிரம்பின. சீட்டின் விலை பத்துப் பவுண். வருமானம் 6,250 பவுண். வழமையான உடன்படிக்கைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் அரங்குக்குச் செல்லும், அது 2,500. எஞ்சிய 3,750 இல் நிகழ்ச்சி நிரற் பதிவுக் கட்டணம், சுவரொட்டி, துண்டுப்பிரசுரம், விளம்பர முகவருக்கான கூலி ஆகியன கழிய வேண்டும். பின்னர் ஓகஸ்ற் மாத எடின்பரோவில் ஒரு மாதத் தங்குமிட வாடகை. அரைவாசி இருக்கை நிரம்புவது முன்பின் அறியாத புதியவர்க்கு நல்ல பேறு என்பதையும் மறத்தலாகாது. இதில் அவருடைய கூலி எங்கே? அது எங்குமில்லை. விழாவுக்கு மிகப் பெரிய நன்கொடையை வழங்குபவர் கொடையாளர் பட்டியலில் என்றுமே இடம்பெறாத கலைஞரே என நாம் கூறுவது இதனாலேயே.

பிளெசன்ஸ் அறக்கட்டளையின் உண்மையான பங்களிப்பு இவ்விடத்தில் உள்ளது. அதன் பணியாளராயிருந்து இளமையில் மறைந்த சாளி ஹாட்டில் என்பாரின் நினைவாக அமைந்த நிதியத்தின் மூலம், தெரிவு செய்யப்படும் புதிய நாடகக் குழுவின் செலவை நிறுவனம் ஏற்கின்றது. 'கொமெடி றிசேவ்' என்னும் திட்டத்தில் நான்கு புதிய நகைச்சுவையாளர் ஒரு மணிநேரத்தைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு விழா முழுவதும் நாள்தோறும் மேடையேறுகின்றனர். இத்திட்டத்தின் நுட்பம் வியக்கத்தக்கது. புதியவர் ஒருவரிடம் ஒரு மணிநேரத்துக்குரிய சரக்கு இருப்பதில்லை. பதினைந்து நிமிடத்துக்குரியது இருக்கும். அதை ஒவ்வோர் இரவும் வேறு வேறு அவையின் முன் சொல்லிச் சொல்லி, சிரிப்பு எழும் இடத்தையும் எழாத இடத்தையும் கண்டு செதுக்குவதே பயிற்சி. நமது கூத்து மரபில் அண்ணாவியாரின் கீழ் மாதக்கணக்காக நிகழும் பழக்கத்தில் ஆட்டக்காரர் தவறு செய்வதற்கு இடமிருந்தது. அரங்கேற்றத்தின் செலவை ஊர் சுமந்தது. தவறு செய்யும் உரிமை எந்தப் பயிற்சிக்கும் இன்றியமையாதது. அவ்வுரிமைக்கு எடின்பரோவில் விலை குறிக்கப்பட்டிருக்கையில், அதை நால்வருக்கேனும் வாங்கிக் கொடுப்பது சிறு செயலன்று.

ஆனால் நால்வர். விளிம்பு விழாவில் ஆண்டுதோறும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட காட்சிகள் நிகழும் நிலை உருவாகிவிட்டது. 2008 இல் நிகழ்ச்சி நிரலில் நகைச்சுவைப் பிரிவு நாடகப் பிரிவை முதன்முதலாக விஞ்சியது. தொலைக்காட்சியின் முகவர்கள் ஆள் தேடும் சந்தையாக விழா மாறியபின், நட்டத்தை முதலீடாகக் கருதும் மனப்பான்மை கலைஞரிடையே பரவியது. இதனை எதிர்த்து எழுந்த குரல்கள் பல. 1996 இல் பீற்றர் பக்லி ஹில் தொடங்கிய 'இலவச விளிம்பு' மதுச்சாலைகளின் அறைகளை வாடகையின்றிப் பெற்று, பார்வையாளர் இறுதியில் விரும்பியதை இடும் முறையைக் கொண்டுவந்தது. கலைஞரிடம் அறை வாடகை பெறாமையே அதன் அடிப்படை விதி. எமது நோக்கில், அறக்கட்டளைகள் விழாவின் காயத்துக்கு மருந்திட்டன. இலவச விளிம்போ காயத்தின் காரணத்தையே தொட்டது. எனினும் ஒளியமைப்பும் தொழில்நுட்பப் பணியாளரும் வேண்டிய ஒரு நாடகக் குழு மதுச்சாலையின் மூலையில் ஆட இயலாது. ஆகவே ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பெறமுடியாது.

கொடை எங்கிருந்து வருகின்றது என்னும் வினாவும் அமைதியாக இருக்கவில்லை. பெரியே நிறுவனம் 1992 இல் நெஸ்லேயின் உடைமையாயிற்று. வறிய நாடுகளிற் குழந்தைப் பால்மாவை அந்நிறுவனம் விற்ற முறைக்கெதிரான இயக்கத்தினர் நகைச்சுவைப் பரிசைப் புறக்கணிக்குமாறு கோரினர். முதற் பரிசைப் பெற்ற குழுவைச் சேர்ந்த எமா தொம்சன் அக்கோரிக்கைக்குக் குரல் கொடுத்தார். 2001 இல் மாற்றுப் பரிசொன்று ஏற்படுத்தப்பட்டது. போத்தல் நீரை விற்கும் நிறுவனத்தைக் கேலி செய்து அதற்குக் 'குழாய்த்தண்ணீர்ப் பரிசு' எனப் பெயரிட்டனர். விழாவில் உண்டான நல்ல பகிடிகளுள் இதுவும் ஒன்றெனலாம். உழைப்பைப் பற்றிய வினாவும் பின்தொடர்ந்தது. அரங்குகள் பலவும், பிளெசன்ஸ் உட்பட, கூலிக்குப் பதிலாகத் தங்குமிடமும் செலவுப்படியும் பெறும் தொண்டர்களைக் கொண்டு நெடுங்காலம் இயங்கின. அறநிறுவனத்துக்குத் தொண்டர் உழைப்பு இயல்பானதே என்பது ஒரு வாதம். நுழைவாயிலில் சீட்டுக் கிழிப்பவரின் வேலையும் வேலைதான் என்பது 2017 இலிருந்து நியாயமான ஊதியம் கோரிய இயக்கத்தின் மறுமொழி. பின்னைய வாதமே வலுவுடையது என்பது எமது கருத்து. கலைஞனை வளர்க்கும் நிறுவனம், அவனுக்கு விளக்கேற்றுபவனையும் உழைப்பாளியாகவே கணித்தல் வேண்டும்.

2020 இல் கொள்ளைநோய் காரணமாக விழா நடைபெறவில்லை. 1947 இலிருந்து அத்தகைய இடைவெளி ஏற்பட்டது அதுவே முதன்முறை. சீட்டு விற்பனையையும் மதுச்சாலையையும் நம்பியிருந்த அறக்கட்டளைகளின் வருமானம் ஒரே வீச்சில் அற்றுப்போனது. புதியவரை வளர்க்கும் பணி சந்தையின் உபரியில் தங்கியிருப்பதன் ஆபத்து அப்போது யாவர்க்கும் வெளிப்பட்டது. விழா மீண்டபோது தங்குமிட வாடகை முன்னிலும் உயர்ந்திருந்தது. விளிம்பு விழாச் சங்கம் தானே உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. 2024 இல் அரச நிதியின் துணையுடன் 180 கலைஞருக்கும் குழுக்களுக்கும் தலா 2,500 பவுண் அளிக்கப்பட்டது. 1947 இல் யூனிற்றி தியேட்டரிடமிருந்து விலக்கப்பட்ட பொதுப்பணம் முக்கால் நூற்றாண்டின் பின்னர் விளிம்பை நோக்கி வருகின்றது. மேலே நாம் போட்ட கணக்கில், அரைவாசி இருக்கைகளை நிரப்பிய ஒருவர் தம் அரங்குக்குச் செலுத்திய தொகையும் அதே 2,500 பவுண்தான்.