விசுவாசம்: மலையகத்தில் ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம்

தமிழில் 'விசுவாசம்' என்ற சொல் ரெண்டு பக்கமும் வெட்டும். கோயிலில் சொன்னால் கடவுள் மேல் வைக்கும் நம்பிக்கை. எஜமானுக்கு முன்னால் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நன்றிக்கடன். மலையகத்தில் கிறிஸ்தவம் வளர்ந்த கதையை இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவே நடந்த இழுபறியாக வாசிக்கலாம்னு எனக்குத் தோணுது. "பயத்தில் இருந்தவர்களுக்கு விசுவாசம் வந்தது" என்று சாட்சி சொல்லும்போது நாம கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கு. எந்தப் பயம்? எந்த விசுவாசம்?

பயம் ஒரு நிர்வாக முறை

தோட்டத்தில் பயம் என்பது வெறும் மனநிலை இல்லை. அதைச் சட்டமும் கணக்கும் சேர்ந்து உருவாக்கின. தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியா மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் வரும்போதே கங்காணியின் கடனோடுதான் வந்தார்கள். அந்தக் கடனை எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போனவரைச் சிறைக்கு அனுப்ப 1865ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. கடன் கங்காணியிடம், வீடு துரையிடம், சிறை அரசாங்கத்திடம். தோட்டமோ தனியார் சொத்து. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல்.

இதற்குள்ளே வாழ்ந்தவர்களுக்குச் சாமி இல்லாமல் இல்லை. மாரியம்மனும் முனியாண்டியும் அவர்களோடயே கடல் தாண்டி வந்தார்கள். ஆகவே கிறிஸ்தவம் இங்கே ஒரு வெற்றிடத்துக்குள் வரவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

துரை பணம் கொடுத்த மிஷன்

1854இல் சி.எம்.எஸ். சங்கம் கண்டியை மையமாக வைத்து ஒரு மிஷனைத் தொடங்கியது. அதன் பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்'. கோப்பித் தோட்டத் துரைமார் பணம் தருவதாக ஏற்றார்கள். தமிழ் தெரிந்த உபதேசிமார் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். தோட்டம் தோட்டமா நடந்து, வேலை முடிந்து வரும் ஆட்களிடம் பேசுவதும் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் அவர்களுடைய வேலை.

அந்தப் பெயரைக் கொஞ்சம் பாருங்க. சுவிசேஷத்தின் தலையிலேயே 'கூலி' என்ற முத்திரை. துரைமார் ஏன் பணம் கொடுத்தார்கள்? சிலருக்கு உண்மையான பக்தி இருந்திருக்கும். ஆனால் குடிக்காத, ஓடிப்போகாத, சொன்னதைக் கேட்கிற தொழிலாளி தோட்டத்துக்கு லாபம் என்பதும் அவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவர்கள் எதிர்பார்த்தது இரண்டாவது அர்த்தத்து விசுவாசம்.

துரைமாரின் ஆலயங்கள் இன்றும் நிற்கின்றன. டிக்கோயாவுக்குப் பக்கத்தில் வார்லி ஆலயம் 1878இல் கட்டப்பட்டது. பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்து மயானத்தில், 1879இல் இறந்த புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறை இருக்கிறது. அவர் இலங்கையில் எடுத்த படங்களில் உழைக்கும் மக்களின் முகங்கள் உண்டு. பெரும்பாலும் பெயர்கள் இல்லை. பெயர் வெட்டிய கல்லறைகள் துரைமாருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் கிடைத்தன. தேயிலைக்கு உரமான நம்ம ஆட்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

ஆனா கதை அதோடு முடியல. எழுத்து தெரிந்த மனுசனை யாராலும் முழுசா கட்டி வைக்க முடியாது. வேதம் வாசிக்கக் கற்றவர் கடிதமும் வாசிப்பார், கங்காணியின் கணக்கையும் வாசிப்பார். இன்னொன்றும் நடந்தது. தோட்டத்துச் செக்ரோலில் ஒருவரின் பெயருக்குப் பக்கத்தில் இருப்பது வேலை நாளும் சம்பளமும் கழித்த கடனும்தான். சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அதே ஆளின் பெயருக்குப் பக்கத்தில் தகப்பன் பெயர், தாய் பெயர். ஒன்று அவரை ஒரு கை என்று எண்ணியது, மற்றது ஒரு பிள்ளை என்று எழுதியது. துரை கொடுத்த பணத்தில் வந்த மிஷனுக்குள்ளேயே துரை எதிர்பார்க்காத ஒரு விதை இருந்தது.

இதை ரொம்பப் புகழவும் வேண்டாம். சாதி சபை வாசலில் செருப்போடு கழன்றுவிடவில்லை. 1940இல் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிக்குப் பலியான காலத்தில், தொழிலாளியின் பயத்தை எதிர்கொண்டது தொழிற்சங்கமே தவிர ஆராதனை இல்லை.

கூட வந்து நின்றவர்கள்

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. 1947 தேர்தலில் 7 உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், அதன்பிறகு வாக்குரிமையையும் இழந்தார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரின் கதையைப் பிறகு பார்ப்போம் என்று விட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே. பழைய பயத்துக்காவது ஒரு முகம் இருந்தது. இந்தப் பயம் கடிதமாக வந்தது.

1970களில் சபைக்குள் ஒரு திருப்பம் நடந்தது. 1958இல் தொடங்கிய கிறிஸ்தவத் தொழிலாளர் தோழமை, பௌத்தரையும் இந்துக்களையும் சேர்த்துக்கொண்டு மே தினத்தையும் வழிபாட்டையும் ஒரே மூச்சில் பேசியது. கண்டி ஆயராக இருந்த லியோ நாணாயக்கார 1972இல் அந்தப் பெரிய மறைமாவட்டத்தை விட்டுவிட்டு, புதிதாக உருவான பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராகப் போனார். அதே ஆண்டு யேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும், வேறு வேறு மதத்தவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து வேலை செய்த இடம் அது. ஞானஸ்நானக் கணக்கை வைத்து அதை யாரும் அளக்கவில்லை.

காலத்தை நினைச்சுப் பாருங்க. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பட்டினிச் சாவு. தோட்டங்கள் அரசுடைமை. 1977 மே மாதம் தலவாக்கலை டெவன் தோட்டத்தில், தங்கள் காணி பறிபோவதை எதிர்த்தவர்களில் சிவனு லெட்சுமணன் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் வன்முறை, 1981இல் மறுபடி, 1983 ஜூலையில் நுவரெலியா நகரமே எரிந்தது. இப்படிப்பட்ட நாட்களில் "பயப்படாதே" என்று பிரசங்கம் செய்வது யாருக்கும் சுலபம். கஸ்பர்ஸ் போன்றவர்கள் நாடற்றவர்களின் பிரச்சினையை எழுதினார்கள், சிங்கள மக்களிடம் கொண்டுபோய்ப் பேசினார்கள். 1979இல் இன நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

இங்கேதான் விசுவாசம் என்ற சொல்லின் அர்த்தம் புரள்கிறது என்கிறேன். பயந்தவரை அடங்கியிரு என்று சொன்ன பக்தி, பயந்தவரோடு போய் நிற்கும் பக்தியாக மாறியது. எண்ணிக்கையில் இவர்கள் கொஞ்சப் பேர். பெரிய சபைகள் எல்லாம் இவர்களைப் பின்தொடரவும் இல்லை. ஆனாலும் வரலாற்றில் சிறுபான்மையின் முன்மாதிரிக்கு ஒரு கனம் உண்டு.

இன்றைய ஜெப வீடு

இன்று ஹட்டன் பக்கம் போனால் லயத்துக் காம்பராவிலும் தகரக் கொட்டகையிலும் ஜெபக் கூட்டம் கேட்கும். அங்கே வருகிறவர்களை ஏமாந்தவர்கள் என்று நக்கலடிப்பது பல்கலைக்கழக வட்டாரத்தில் ஒரு பொழுதுபோக்கு. எனக்கு அதில் உடன்பாடில்லை. செய்வினைப் பயம், புருசனின் சாராயம், நுண்கடன் அறவிட வருகிறவனின் மோட்டார் சைக்கிள் சத்தம், வைத்தியருக்கும் பிடிபடாத நோய், இதெல்லாம் நிஜமான பயங்கள். இவற்றோடு ஒரு பெண் தனியாகக் கிடக்கும்போது, பத்துப் பேர் அவள் பெயரைச் சொல்லிக் கண்ணீரோடு ஜெபிக்கிறார்கள். அந்தப் பத்துப் பேரே ஆஸ்பத்திரிக்கும் கூட வருகிறார்கள். அதன் பலம் சாதாரணமில்லை.

ஆனால் ஒரு ஆபத்தும் இருக்கு. காமன் கூத்துக்குத் தப்பு அடிக்கும் தகப்பனை, அது பிசாசின் சத்தம் என்று மகன் சொல்கிற வீடுகள் உருவாகின்றன. பக்கத்துக் காம்பராவின் சாமியைக் கண்டு பயப்படச் சொல்லித்தரும் விசுவாசம், பழைய பயத்தை எடுத்துவிட்டுப் புதுசு ஒன்றை வைக்கிறது. மறுபக்கம், பதிவு இல்லை என்று சிறு ஜெப வீடுகளை மிரட்டுகிற ஆட்களும் இருக்கிறார்கள். பயம் இரண்டு திசையிலும் வேலை செய்கிறது.

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்பதை நினைத்து, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. தேசிய கிறிஸ்தவ மன்றமும் அதன் பின்னால் நின்றது. பாதிரிமாரும் பிக்குகளும் இந்துக் குருமாரும் மௌலவிமாரும் தொழிலாளரும் ஒரே வழியில் நடந்தார்கள். கடன் துண்டோடு பயந்து நடந்த பாதையில் பேரப்பிள்ளைகள் காணி, வீடு, சம்பளம் என்று கேட்டுக்கொண்டு நடந்தார்கள். யாரையும் மதம் மாற்றாத அந்த நடையை நான் விசுவாசத்தின் வரலாற்றில்தான் சேர்ப்பேன்.

கடைசியா வரலாறு படிக்கிற நம்ம ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய தோட்டத்து ஆலயங்களின் அலுமாரிகளில் ஞானஸ்நானப் பதிவேடுகள், திருமணப் பதிவேடுகள் இருந்தால், போதகரிடம் அனுமதி கேட்டுப் படியெடுங்க. மலையின் ஈரம் காகிதத்தைச் சீக்கிரம் தின்றுவிடும். துரைமாரின் பெயரைக் கல் காப்பாற்றிவிட்டது. நம்ம பாட்டன் பூட்டன் பெயர் அந்தத் தாளில் மட்டும்தான் மிஞ்சியிருக்கலாம்.