காந்தி சாலையும் நமது உரிமையும்

பெரிய காஞ்சிபுரத்தையும் சின்ன காஞ்சிபுரத்தையும் இணைக்கும் காந்தி சாலையை முசரவாக்கத்து இளைஞர் அறியாதவர் அல்லர். இருமருங்கிலும் பட்டு மாளிகைகள். கண்ணாடிக்குள்ளே சரிகை மின்னும் சேலைகள். ஏகாம்பரநாதரையும் வரதராசரையும் வழிபட வருவோரும், திருமணப் பட்டு எடுக்க வருவோரும் கூடும் வீதி அது. அவ்வீதியில் இன்று நாமும் நடக்கிறோம், கடைப்படி ஏறுகிறோம். இவ்வுரிமை தானாக வந்ததன்று. அதற்கொரு வரலாறு உண்டு.

கோவிலை அடுத்த வீதிகளில் நம் முன்னோர் நடக்கவும் தடையிருந்த காலம் அது. 1924-இல் கேரளத்து வைக்கத்தில் நடந்த போராட்டம் கோவிலுக்குள் நுழைவதற்காக அன்று; கோவிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்காகவே. தந்தை பெரியார் அதில் சிறை சென்றார். அதே ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள், சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொணர்ந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்ட மக்கள் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. அப்பெருமகனார் காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கியிருந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை. பின்னர் 1938-இல் எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் சமூக இழிவுகளை நீக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் பிறந்தது.

வீதியில் நடக்கும் உரிமை மட்டும் போதுமா? காசைத் தரையில் வைத்துவிட்டு, எட்டி நின்று பொருளைப் பெற்ற அவமானத்தை நம் முதியோர் அறிவர். ஆகவேதான் 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சாலையோடு கடையையும் பெயர் சொல்லிக் குறித்தது. அச்சட்டத்தின் வரைவுக் குழுத் தலைவர் அண்ணல் அம்பேத்கர். தீண்டாமை கருதிப் பொருள் விற்க மறுப்பதை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. 1976-இல் அது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறி, தண்டனையும் கடுமையாயிற்று.

நடந்தோம், படியேறினோம். மூன்றாவது படியொன்று எஞ்சியுள்ளது. கருநாடகத்துப் பட்டும் சூரத்துச் சரிகையும் காஞ்சித் தறியில் சேலையாகின்றன. உடலும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோர்வை போட்டு நெய்ய, ஒரே தறியில் இருவர் கை வேண்டும். 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊரின் பெயர் காக்கப்பட்டது; ஆனால் சேலையில் கடையின் பெயர் இருக்கும், நெய்தவர் பெயர் இராது. உழைப்பின் பயன் இடையில் நிற்போரிடம் தங்கிவிடாமல் நெய்தவரையே சேரவேண்டும் என்பதற்காகவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. அச்சங்கங்களின் விற்பனை நிலையங்களும் அதே காந்தி சாலையில் உள்ளன.

சட்டம் நம்மைக் கடை வாயில்வரை கொண்டு சேர்க்கும். உள்ளே கணக்கெழுதவும், வணிகம் நடத்தவும், சங்கத்தை ஆளவும் கல்வி ஒன்றே துணை. கல்விக் கழகங்கள் நம்மிடையே தோன்றியதன் நோக்கமும் அதுவே. இளைஞர்களே! அடுத்த முறை காந்தி சாலையில் நடக்கும்போது, அவ்வழியை நமக்குத் திறந்துவிட்டவர்களை எண்ணுங்கள், நிமிர்ந்து நடங்கள். நாளை அவ்வீதியில் பொருள் வாங்குவோராக மட்டுமன்றி, பொறுப்பேற்று நடத்துவோராகவும் நாம் விளங்குவோம்.