நான்கு கிழவர்களும் ஒரு பழைய ரம்பமும்

2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் எங்கள் புதுச்சேரியைப் புரட்டிப் போட்டது நினைவிருக்கும். அன்று பிற்பகல் எங்கள் தெரு முனையில் சாய்ந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்தை மிஷின் ரம்பம் கொண்டு இரண்டு பேர் அறுத்தார்கள். என் சிறு வயதில் அப்படிப்பட்ட மரத்தை ஆளுக்கொரு பக்கம் நின்று இழுவை ரம்பத்தால் இரண்டு நாள் அறுப்பார்கள். இவர்கள் ஒரு மணி நேரத்தில் வழியை விட்டுவிட்டார்கள். ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு வேறென்ன வேலை? நின்று வேடிக்கை பார்த்தேன். ஆனால் அந்த மிஷின் எங்கிருந்து வந்தது, அதை முதலில் பிடித்த கைகள் என்ன ஆயின என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அது தோன்றியது ஆறு வருடம் கழித்து, பிரான்சில். என் மகள் குடும்பம் அந்த நாட்டின் கிழக்கே வோஜ் மலைப் பகுதியில் ஒரு சிற்றூரில் இருக்கிறது. ஊசியிலைக் காடுகள் நிறைந்த இடம். ஒரு காலத்தில் அங்கே வெட்டிய மரத்தைப் பெரிய மரச் சறுக்கு வண்டியில் ஏற்றி, ஓர் ஆள் முன்னால் நின்று முதுகால் தடுத்தபடியே மலைச்சரிவில் இறக்குவாராம். அங்கும் 1999 டிசம்பர் 26 அன்று ஒரு பெரும் புயல் அடித்து லட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. நம் புயலும் அவர்கள் புயலும் டிசம்பர் கடைசி வாரத்தில் வந்தவை என்று சொல்லித்தான் பக்கத்து வீட்டுக்காரரோடு எனக்குப் பேச்சே தொடங்கியது. சிறு வயதில் பள்ளியில் அடி வாங்கிப் படித்த பிரெஞ்சு எழுபது வயதை நெருங்கும்போது கைகொடுத்தது.

அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அவருடைய அப்பா மரம் வெட்டும் தொழிலாளி. அப்பா வைத்திருந்த சங்கிலி ரம்பம் ஒன்று, 1950களின் கடைசியில் செய்தது, கொட்டகையில் நாற்பது வருடமாகத் துருவேறிக் கிடந்தது. அதை ஓட வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. துணைக்கு இரண்டு பேர். ஒருவர் பழைய கராஜ் மெக்கானிக். மற்றவர் தபால்காரராக இருந்தவர்; பழைய ரம்பங்களைச் சேர்ப்பதில் பைத்தியம். அவர் வீட்டில் பத்துப் பதினைந்து செத்த ரம்பங்கள் இருந்தன. ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றுக்கு உயிர் கொடுப்பார். சனிக்கிழமை தோறும் மூவரும் கூடுவார்கள். நான்காவதாக நான் போய்ச் சேர்ந்தேன்.

"முசே, உங்களுக்கு மெக்கானிக் வேலை தெரியுமா?" என்றார் தபால்காரர். "தெரியாது, ஆனால் கோப்பு போடத் தெரியும்" என்றேன். அது வேடிக்கைப் பேச்சு அல்ல. பழைய இயந்திரத்தைக் கழற்றுகிறவர்கள் தோற்பது பெரும்பாலும் திரும்பப் பூட்டும்போதுதான். எந்தத் திருகு எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று மறந்துவிடும். நான் ஒவ்வொரு திருகையும் ஒரு காகித உறையில் போட்டு, எண் எழுதி, நோட்டில் பதிவு செய்தேன். அறுபத்து மூன்று உறைகள் ஆயின. முப்பத்தைந்து வருடம் செய்த வேலைக்கு ஒரு மரியாதை கிடைத்தது.

உறைகள் நிறைய நிறைய, இந்த இயந்திரத்தின் சரித்திரமும் எனக்குத் தெரிய வந்தது. அதைச் சொல்கிறேன்.

சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் யோசனை மரத்துக்காக வந்ததல்ல, எலும்புக்காக வந்தது. 1780களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஐட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்ற இரு மருத்துவர்கள் மெல்லிய சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினார்கள். இரு முனையிலும் பிடி இருக்கும். எலும்பைச் சுற்றிப் போட்டு மாறி மாறி இழுப்பார்கள். 1830இல் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்பவர் கைப்பிடியைச் சுழற்றினால் சங்கிலி ஓடும்படி ஒரு கருவி செய்தார். இன்றைய ரம்பத்தைப் போலவே அதிலும் சங்கிலி ஒரு பட்டையைச் சுற்றித்தான் ஓடியது.

மரத்துக்கு அது வந்து சேர நூறு ஆண்டு பிடித்தது. 1926இல் ஆந்த்ரேயாஸ் ஸ்டீல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் மின்சாரத்தில் ஓடும் சங்கிலி ரம்பம் செய்தார். ஏறத்தாழ 50 கிலோ எடை, பிடிக்க இருவர் வேண்டும். காட்டில் மின்சாரம் ஏது? மறு ஆண்டு எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தைத் தூரிங்கியா பகுதியில் டோல்மார் என்ற மலையில் ஓட்டிக் காட்டினார். அந்த மலையின் பெயரே கம்பெனியின் பெயரானது. அதன் எடை 58 கிலோ. ஒரு மூட்டை சிமெண்டைவிட அதிகம்! அதைத் தூக்கிக்கொண்டு மலையேறி, மரத்தின் இரு பக்கமும் நின்று பிடித்து அறுத்திருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மெக்னீசியமும் அலுமினியமும் கலந்த லேசான வார்ப்புகள் வந்தன. ஒரே ஆள் தூக்கும் ரம்பங்கள் கடைகளுக்கு வந்தன. 1959இல் ஸ்டீல் கம்பெனி வெளியிட்ட கோன்ட்ரா என்ற மாடல் 12 கிலோ எடையில் 6 குதிரைத்திறன் தந்தது. நடுவில் பற்சக்கரப் பெட்டி கிடையாது. எஞ்சின் சுழலும் வேகத்திலேயே சங்கிலியும் ஓடும். ஐரோப்பாவின் காடுகளில் கோடரியும் இழுவை ரம்பமும் மூலைக்குப் போனது இந்தக் காலத்தில்தான்.

எடை குறைந்தது மட்டும் போதவில்லை. கார்புரேட்டர் ஒரு தடையாக இருந்தது. நம் ஸ்கூட்டரில் உள்ளது போன்ற மிதவைக் கார்புரேட்டர் நிமிர்ந்து இருந்தால்தான் வேலை செய்யும்; சாய்த்தால் பெட்ரோல் வழியும். ஆனால் மரத்தை அடியில் அறுக்க ரம்பத்தைப் படுக்கப் போட வேண்டும். 1950களில் ஒரு மெல்லிய சவ்வினால் பெட்ரோலை அளந்து விடும் கார்புரேட்டர் ரம்பங்களில் பரவியது. அதன் பிறகு ரம்பத்தை எப்படித் திருப்பினாலும் எஞ்சின் நிற்காது. நாங்கள் திறந்த கார்புரேட்டரில் அந்தச் சவ்வு அப்பளம் போல் விறைத்திருந்தது. அதே அளவில் புதிய சவ்வு இன்றும் விற்கிறார்கள் என்று தபால்காரர் ஒரே வாரத்தில் வாங்கி வந்துவிட்டார்.

சங்கிலியின் கதை இன்னும் சுவையானது. ஆரம்பகாலச் சங்கிலிப் பற்கள் இழுவை ரம்பத்தின் பற்களைப் போலவே இருந்தன. மரத்தைச் சுரண்டும், சீக்கிரம் மழுங்கும். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டி, 1946இல் ஒரு மரக்கட்டையில் வண்டின் புழு துளைத்துப் போவதைக் கவனித்தார். புழு தன் தாடைகளால் இடமும் வலமும் மாறி மாறி மரத்தைச் சீவிக்கொண்டே போனது. அதைப் பார்த்து இடம் ஒன்று, வலம் ஒன்றாகக் கொக்கி போல் வளைந்த பற்களைச் செய்தார். அந்த வடிவம்தான், சின்னச் சின்ன மாறுதலோடு, இன்றுவரை உலகம் முழுக்க ஓடுகிறது. தானே புயலன்று எங்கள் தெருவில் ஓடியதும் அதுதான். அந்தப் பல்லை ஓர் உருண்டை அரம் இருந்தால் மரத்தடியிலேயே உட்கார்ந்து தீட்டிக்கொள்ளலாம்.

இனி எங்கள் ரம்பம். பிளக்கில் பொறி வரவில்லை. மெக்கானிக் கையை வைப்பதற்குள் நான், "பாயிண்ட் துரு பிடித்திருக்கும்" என்றேன். மூவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழுபதுகளில் நான் ஓட்டிய சுவேகா, பிரான்சின் மொபிலெத்தை நம் நாட்டில் செய்த வண்டி. மழைக்காலத்தில் அதன் பாயிண்டைத் தபால் அட்டையால் தேய்த்தே ஆபீசுக்குப் போனவன் நான். பாயிண்டைச் சுத்தம் செய்து, கண்டென்சரை மாற்றியதும் நீலப் பொறி வந்தது. ஒரு திருகு மட்டும் அசையவில்லை. காஸ் விளக்கால் சூடு காட்டலாமா என்று ஆசிரியர் கேட்டதற்கு மெக்கானிக் கத்தியே விட்டார். வார்ப்பில் இருப்பது மெக்னீசியம். தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அடங்காது. எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி, மூன்றாவது சனிக்கிழமை அது அசைந்தது.

கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல்கள் காய்ந்து போயிருந்தன. அவற்றை மாற்றாமல் ஓட்டினால் அந்த வழியே காற்று உள்ளே போகும். பெட்ரோலும் அதோடு கலந்த எண்ணெயும் போதாமல் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டவர்கள் நல்ல எஞ்சின்களைக் கொன்றது இப்படித்தான் என்றார் தபால்காரர். சீல் மாற்றிய பிறகு அவர் ஒரு சோதனை காட்டினார். ஸ்டார்ட்டர் கயிற்றின் பிடியைப் பிடித்து ரம்பத்தைத் தொங்கவிட்டார். அது சட்டென்று விழாமல், விட்டு விட்டு மெல்ல இறங்கியது. "மூச்சு நன்றாக இருக்கிறது" என்றார்.

கடைசியில் கைப்பிடிக்கு வந்தோம். அது நேரே எஞ்சின் வார்ப்பில் திருகப்பட்ட இரும்புக் குழாய். இடையில் ஒரு ரப்பர் துண்டுகூட இல்லை. ஆசிரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். அவருடைய அப்பாவின் விரல்கள் குளிர்காலக் காலைகளில் மெழுகு போல் வெளுத்துவிடுமாம். முதலில் நுனி, பிறகு முழு விரல். கடைசி வருடங்களில் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிடுவார். குளிரினால் வந்தது, வயதினால் வந்தது என்றே வீட்டில் நினைத்தார்கள்.

விரல் வெளுப்பதை விவரமாக எழுதியவர் மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர், 1862இல், பாரிசில். அதிரும் கருவிகளாலும் அது வரும் என்பது இருபதாம் நூற்றாண்டில் தெரிந்தது. 1911இல் இத்தாலியில் ஜொவானி லோரிகா சுரங்கத் தொழிலாளரிடம் கண்டு எழுதினார். 1918இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவ அம்மையார் அமெரிக்காவின் இண்டியானாவில் கல் உடைப்பவர்களைப் பார்த்து எழுதினார். ஆக, ஒரே ஆள் பிடிக்கும் ரம்பங்கள் காட்டுக்கு வருவதற்கு முப்பது வருடம் முன்பே விஷயம் ஏட்டில் இருந்தது. ஆனால் ரம்பம் செய்தவர்கள் எடையைப் பார்த்தார்கள், வேகத்தைப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு 7000 சுற்று என்றால் நொடிக்கு நூற்றுக்கு மேல். அத்தனை அதிர்வும் நாள் முழுக்க, வருடக்கணக்கில், கை நரம்புக்குள் போனது. 1960களில் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் மரம் வெட்டிகளின் விரல்கள் வெளுத்த பிறகுதான், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே ரப்பர் வந்தது. சங்கிலியைச் சட்டென்று நிறுத்தும் பிரேக் 1970களில் வந்தது.

"உங்கள் அப்பா இழப்பீடு கேட்டு மனு போடவில்லையா?" என்று கேட்டேன். குமாஸ்தா புத்தி. "எதைக் காட்டி முசே? எந்த மிஷின், எத்தனை வருடம் என்று யாரும் எழுதி வைக்கவில்லையே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கையெழுத்துப் போட முடியாத விரல்களோடு என் மேசைக்கு வந்த ஒரு கல் தச்சரின் மனுவை, ஒரு சான்று குறைகிறது என்று நானும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விதிப்படிதான் செய்தேன். அவர் மறுபடி வரவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

மெக்கானிக் ஒரு யோசனை சொன்னார்: வேறு கைப்பிடி செய்து ரப்பர் வைத்துவிடலாம், இனி பிடிக்கிறவருக்கு நல்லது. நியாயமான பேச்சுதான். தபால்காரர் ஒப்பவில்லை, பழையது பழையபடி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஆசிரியர் இரண்டையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ரப்பர் வைத்துவிட்டால் தாத்தாவின் கை ஏன் வெளுத்தது என்று என் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவேன்? இதை வைத்து நான் விறகு அறுக்கப் போவதில்லை." கைப்பிடி அப்படியே பூட்டப்பட்டது. உறை எண் 41, நான்கு திருகுகள்.

ஐந்தாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. ஆசிரியர் பாதுகாப்பு உடை, தலைக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு ஒரு கட்டையில் ஒரே ஒரு வட்டம் அறுத்தார். பிறகு என்னிடம் நீட்டினார். மரத்தில் வைக்காமல் வெறுமனே ஒரு நிமிடம் பிடித்தேன். அணைத்த பிறகும் உள்ளங்கை வெகு நேரம் விறுவிறுத்தது. ஒரு நிமிடத்துக்கே அப்படி.

ஊருக்குத் திரும்பும் முன் என் நோட்டின் பிரதி ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தேன். அறுபத்து மூன்று உறைகளின் பட்டியலுக்குக் கீழே, ஆசிரியர் சொல்லச் சொல்ல, அவர் அப்பா பிறந்த ஆண்டு, இந்த ரம்பத்தைப் பிடித்த வருடங்கள், விரல் வெளுக்கத் தொடங்கிய குளிர்காலம் எல்லாவற்றையும் பிரெஞ்சில் எழுதி, தேதி போட்டு, நால்வரும் கையெழுத்திட்டோம். எந்த அலுவலகத்துக்கும் போகப் போகிற தாள் அல்ல அது. இருந்தாலும் நான் எழுதிய கோப்புகளில் எழுத வேண்டிய விஷயத்தை முழுதாக எழுதிய கோப்பு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பா, தாத்தா பிடித்த கருவி ஏதாவது இருக்கும். பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் அதன் கைப்பிடியை ஒருமுறை பிடித்துப் பாருங்கள். பிடித்தவரைப் பற்றித் தெரிந்ததை ஒரு தாளில் எழுதிக் கூடவே கட்டி வையுங்கள்.