இயந்திரமும் தானே, பெட்டியும் தானே!

மாதிரிப் புகையிரதப் பாதை அமைப்போர் வழமையாக இயந்திரத்தை முதலில் வாங்கி, அதற்கேற்ற பெட்டிகளைப் பின்னர் தேடுவர். ஆனால் இயந்திரமும் பயணிகள் பெட்டியும் ஒன்றாகவே அமைந்த தனிவண்டியைத் தெரிவு செய்பவர், அதனோடு ஒரு வரலாற்றையும் சேர்த்தே தெரிவு செய்கிறார். அமெரிக்காவில் இத்தகைய வண்டிகள் பெரும்பாலும், வருமானம் குன்றிய கிளைப்பாதைகளைக் காப்பாற்றுவதற்கான முயற்சிகளாகவே பிறந்தன.

பத்துப் பேர் ஏறும் பாதையில் நீராவி இயந்திரம் ஓட்டினால் நிலக்கரி, நீர், பணியாளர் சம்பளம் என்று செலவே மிஞ்சும். இதற்கு விடையாக, யூனியன் பசிபிக் நிறுவனத்தின் வில்லியம் மக்கீன் 1905 இல் பெற்றோல் வண்டியொன்றை உருவாக்கினார். கத்திபோற் கூரிய முகப்பும், கப்பலில் உள்ளவை போன்ற வட்ட யன்னல்களும் இவ்வகை வண்டிகளின் அடையாளங்களாயின. தோற்றம் கவர்ந்தது, இயந்திரமும் பற்சக்கரங்களும் அடிக்கடி காலை வாரின. எனினும் நெவாடாவின் வேர்ஜீனியா-ட்ரக்கி பாதையின் 22 ஆம் இலக்க வண்டி 1910 முதல் 1945 வரை சேவையிலிருந்தது. பின்னர் உணவகமாகவும் மாறிய அந்த உடல், புதுப்பிக்கப்பட்டு 2010 இல் மீண்டும் ஓடியது.

மக்கீனின் பற்சக்கரச் சிக்கலுக்கு மின்சாரம் தீர்வானது. 1922 இல் தொடங்கப்பட்ட எலெக்ட்ரோ-மோட்டிவ் நிறுவனத்தின் வண்டிகளில், பெற்றோல் இயந்திரம் மின்னாக்கியைச் சுழற்ற, அம்மின்சாரம் சக்கரங்களை இயக்கியது. 1930 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் இதனை வாங்கியது. நீராவியைப் பின்னாளில் விரட்டிய டீசல் இயந்திரங்களுக்கு இங்கேதான் அத்திவாரம் இடப்பட்டது.

கொலராடோவின் ரியோ கிராண்ட் சதேர்ன் பாதையின் கதை உருக்கமானது. பொருளாதார மந்தத்தில் நொடித்த அந்நிறுவனம், தபால் ஒப்பந்தத்தை இழக்காதிருக்க, 1931 இல் பழைய பியூக் மோட்டார் காரையே தண்டவாளத்தில் ஏற்றியது. 'பாயும் வாத்து' என்று மக்கள் அழைத்த இவ்வண்டிகளால் அப்பாதை மேலும் இருபதாண்டுகள் உயிர் தரித்தது.

இறுதியாக 1949 இல் பிலடெல்பியாவின் பட் நிறுவனம் ஆர்.டி.சி. எனும் துருவேறா உருக்கு வண்டியை அறிமுகப்படுத்தியது. தரையின் கீழே இரண்டு டீசல் இயந்திரங்கள். ஏறத்தாழ 400 வண்டிகள் கட்டப்பட்டன. ஆர்.டி.சி.-1 முழுவதும் பயணிகளுக்கானது. ஆர்.டி.சி.-3 தபால், பொதி, பயணிகள் மூன்றையும் சுமந்தது.

இனித் தெரிவுக்கு வருவோம். 1:87 என்ற எச்.ஓ. அளவில், 85 அடி நீளமான ஆர்.டி.சி.-1 சுமார் 30 சென்ரிமீற்றர் நீளும். 18 அங்குல ஆரையுடைய வளைவில் அதன் நடுப்பகுதி பாதைக்கு வெளியே அசிங்கமாகத் துருத்தும். வாத்து சிறியது, ஆனால் அது ஓடியது மூன்றடிப் பாதையில் என்பதால், அதன் சரியான மாதிரி 16.5 மில்லிமீற்றர் எச்.ஓ. தண்டவாளத்தில் ஓடாது. 1930களின் சிற்றூரை அமைப்பவர் மேசையில் பட் வண்டி நிற்பது காலப்பிழையாகும்.

அளவையும் ஆண்டையும் தீர்மானித்த பின்னர், உங்கள் கற்பனைப் பாதைக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். பல கிளைப்பாதைகளைத் தாங்கியது பயணச்சீட்டு அல்ல, தபாற்பையே. 1967 இல் அமெரிக்கத் தபால் திணைக்களம் புகையிரதத் தபாற் சேவைகளிற் பெரும்பாலானவற்றை நிறுத்தியபோது, பல பயணிகள் வண்டிகளும் கூடவே மறைந்தன. தபால் அறையுள்ள சிறுவண்டி ஒன்று மேசையில் ஓடுமானால், அந்தப் பாதை ஏன் அத்தனை காலம் பிழைத்திருந்தது என்பதையும் அது பார்ப்பவருக்குச் சொல்லும்.