வெப்பநாட்டு உடலும் கம்பளியும்

கவடியாரிலும் சங்குமுகத்திலும் விடியலில் ஓடுவோரின் மேலாடைகள் ஏறத்தாழ அனைத்தும் பாலியெஸ்டர். அண்மைக்காலமாக அதற்கு மாற்றாக மெரினோ கம்பளிச் சட்டை முன்வைக்கப்படுகிறது. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் கம்பளியா என நகைப்பவர்கள், இந்நாட்டு வெயிலில் கம்பளி கட்டி அணிவகுத்தவர்களின் வரலாற்றை அறிந்தால் இன்னும் சற்று நகைப்பர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த பிரித்தானியச் சிப்பாய்கள் வயிற்றைச் சுற்றி ஃபிளானல் பட்டை ஒன்றைக் கட்டினர். காலரா பட்டை என்பது அதன் பெயர். வியர்த்த வயிறு சட்டெனக் குளிர்ந்தால் வாந்திபேதி காணும் என்பது அக்கால மருத்துவக் கருத்து. 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலராவின் காரணம் ஒரு கிருமியே என உறுதிசெய்த பின்னரும் பட்டை அவிழவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் அது படைவீரர்களின் இடுப்பில் இருந்தது. ஒரு கருத்து பொய்த்த பின்னும் அதன் ஆடை நிலைத்துவிடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

அதே காலத்தில் ஸ்டுட்கார்ட் நகரின் விலங்கியலாளர் குஸ்தாவ் யேகர், விலங்கின் மயிரால் ஆன ஆடையே உடலுக்கு உகந்தது, பருத்தி முதலிய தாவர இழைகள் தீங்கானவை என்று வாதிட்டார். அவர் பெயரால் 1884இல் லண்டனில் ஒரு நிறுவனமே தோன்றியது. பெர்னார்ட் ஷா அதன் கம்பளி உடைகளை விரும்பி அணிந்தார். யேகர் கூறிய காரணங்கள் இன்று செல்லாதவை. எனினும் உழைக்கும் உடலின் மேல் கம்பளி நன்கு செயல்படுகிறது என்ற அவதானிப்பு மட்டும் பிழைத்துக்கொண்டது.

அப்போது இம்மண்ணின் உழைக்கும் உடல் எதைக் கட்டியிருந்தது? களரியில் இறங்குபவர் நீண்ட பருத்தித் துணியை இடுப்பிலும் அடிவயிற்றிலும் இறுகச் சுற்றுவார். அதுவே கச்சை, மலையாளத்தில் கச்ச. சொல் நமக்கும் பழையது. கிழக்கே கோட்டையில் 1956 முதல் இயங்கும் சி.வி.என். களரியில் இன்றும் இதைக் காணலாம். சிப்பாயும் வயிற்றைக் கட்டினான், களரி வீரனும் வயிற்றைக் கட்டினான். முன்னவன் நோய்க்கு அஞ்சி, பின்னவன் பாய்ச்சலின்போது இடுப்புக்குத் தாங்கல் வேண்டி. நகருக்குத் தெற்கே பாலராமபுரத்தில், மன்னர் பாலராமவர்மர் காலத்தில் (1798–1810) தமிழகத்தின் தென்பகுதியிலிருந்து சாலியர் நெசவாளர் குடியமர்த்தப்பட்டனர். அவர்கள் நெய்த மெல்லிய பருத்தியே இத்தட்பவெப்பத்திற்கு இசைந்த துணி என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

ஐயம் பிறகு வந்தது. 1941இல் வின்ஃபீல்டும் டிக்சனும் இங்கிலாந்தில் பாலியெஸ்டர் இழையைக் கண்டனர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் டெரிலின் சட்டை நம் ஊர்களில் மாப்பிள்ளை மிடுக்கின் அடையாளமாயிற்று. கசங்காது, விரைவில் உலரும், நெடுநாள் உழைக்கும். இம்மூன்றும் மெய்யான நன்மைகள். இவற்றை மறுத்துவிட்டு இயற்கை இழையைப் போற்றுவது நேர்மையாகாது.

ஆனால் இழையின் உள்ளே நிகழ்வது வேறு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காடாக இருக்கையில் கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரை ஈர்த்து வைத்துக்கொள்கிறது; பருத்தி 8; பாலியெஸ்டர் 0.4 மட்டுமே. கம்பளி இதைப்போல் இருமடங்கு ஈரம் கொண்ட பின்னும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. பருத்தியோ நனைந்தால் உடலோடு ஒட்டிக் கனக்கும். பாலியெஸ்டரில் வியர்வை இழைக்குள் புகாமல் இழைகளுக்கிடையே தங்குகிறது. உடற்பயிற்சிக்குப் பின் அணிந்த சட்டைகளை ஆராய்ந்த பெல்ஜிய ஆய்வு ஒன்று, நாற்றத்துக்குக் காரணமான மைக்ரோகாக்கஸ் நுண்ணுயிர்கள் பாலியெஸ்டரில் செழிப்பதை 2014இல் காட்டியது. துவைக்குந்தோறும் அதிலிருந்து உதிரும் நுண்ணிழைகள் கடலைச் சேர்வது தனிக் கதை. ஆயினும் ஈரம் செறிந்த கடலோரக் காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது. எந்தத் துணியும் அந்தக் காற்றை மாற்றிவிடப்போவதில்லை. ஆதலால் இங்கே கம்பளியின் ஆதாயம் குளிர்ச்சியில் அன்று, நாற்றமின்மையிலும் ஒட்டாமையிலுமே உள்ளது என்பது என் கணிப்பு.

இந்த விவாதத்தில் எவரும் நினையாத ஒரு விலங்கு நமக்கு அண்டையில் இருக்கிறது. நீலகிரிச் செம்மறி. கோயம்புத்தூர்க் குறும்பாட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத் டவுன் ஆகிய இனங்கள் கலந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான இனம் இது. தென்னிந்தியாவில் ஆடைக்கு உதவும் மெல்லிய மயிர் தரும் ஆடு இது ஒன்றே. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களை ஒட்டி மேய்ந்த மந்தைகள் இன்று வெகுவாகச் சுருங்கிவிட்டன. மேய்ச்சல் நிலம் தேயிலைக்கும் சீகை மரத்துக்கும் போயிற்று. இறைச்சிக்குக் கிடைக்கும் விலை மயிருக்குக் கிடைப்பதில்லை. உதகையை அடுத்த சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் இவ்வினம் பேணப்படுகிறது. அங்கேயே இதனை மெரினோ, ராம்புயே கிடாய்களுடன் கலந்து சாண்டினோ என்ற இனத்தையும் உருவாக்கினர்.

நீலகிரிச் செம்மறியின் மயிர் சராசரியாக 27 மைக்ரான் பருமன். தோலின்மேல் நேரே அணியும் ஓட்டச் சட்டைக்கு 19 மைக்ரானுக்கு உட்பட்ட மயிரே வேண்டும். 30ஐத் தாண்டிய இழைகள் குத்தும். எனவே இதிலிருந்து மேலாடைக்கு வெளியே போடும் பின்னலாடை, காலுறை ஆகியவற்றையே செய்யலாம். அதற்கும் கத்தரித்த மயிரைத் தரம் பிரித்து வாங்குவோர் வேண்டும்.